ஐடி சப்போர்ட் வேலைக்கு எந்தப் பயிற்சியில் சேருவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் துறைக்கு வர விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது ஒரு சான்றிதழின் பெயரை. வேலைக்கு ஆள் எடுக்கிறவர் முதலில் கேட்பது வேறு: "கணினி வேலை செய்யவில்லை என்று ஒருவர் அழைக்கிறார். என்ன செய்வீர்கள்?" முதல் கேள்வியோடு வருகிறவரை இரண்டாவது கேள்விக்குத் தயார்ப்படுத்தும் பயிற்சி எது என்பதை வைத்துத்தான் கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

ஐடி சப்போர்ட் என்பது உண்மையில் என்ன வேலை?

நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களின் கணினி, கணக்கு, நெட்வொர்க், மென்பொருள் ஆகியவை தடையில்லாமல் ஓடும்படி பார்த்துக்கொள்வது. தொடக்கத்தில் நீங்கள் அமரப்போவது பெரும்பாலும் ஹெல்ப் டெஸ்க் எனப்படும் முதல் நிலையில். அங்கே வரும் டிக்கெட்டுகளின் (பதிவு செய்யப்படும் புகார்களின்) முகம் எங்கும் ஒன்றுதான்: கடவுச்சொல் மறந்துவிட்டது, கணக்கு பூட்டிக்கொண்டது, பிரிண்டர் அசையவில்லை, விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இணையவில்லை, மின்னஞ்சல் வந்து சேரவில்லை, புதிதாகச் சேர்ந்தவருக்கு மடிக்கணினி தயார் செய்ய வேண்டும். முதல் நிலையில் தீராதவை இரண்டாம் நிலைக்குப் போகும். சர்வர், நெட்வொர்க் போன்றவற்றை ஆழமாகத் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள். அதற்கும் மேலே, அந்தப் பொருளை உருவாக்கியவர்களோ அதில் தனித்தேர்ச்சி பெற்றவர்களோ இருக்கும் மூன்றாம் நிலை.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது மனத்தில் வைக்க வேண்டியது அந்த முதல் நிலையை. மூன்றாம் நிலைக்கான பாடங்களை அடுக்கிக் காட்டும் விளம்பரங்கள் பகட்டாகத்தான் இருக்கும். ஆனால் முதல் வேலையின் முதல் வாரத்தில் உங்களிடம் வரப்போவது பிரிண்டர்தான்.

நிரல் எழுதத் தெரிய வேண்டுமா?

தொடங்குவதற்கு வேண்டாம். ஒரு வேலையையே திரும்பத் திரும்பச் செய்து சலித்த பிறகு கட்டளைகளை எழுதி வேலையைத் தானாக நடக்கவைக்கும் பவர்ஷெல் போன்ற ஒன்றைக் கற்றுக்கொள்ளும் ஆசை தானாக வரும். அப்போது கற்றால் போதும்.

பட்டம் இல்லை. வேறு துறையில் இருந்தேன். சேர முடியுமா?

முடியும். இந்தத் துறையில் நுழைவதற்கான பெரும்பாலான சான்றிதழ் தேர்வுகளுக்குக் கல்வித் தகுதி நிபந்தனை இல்லை. ஐடி சான்றிதழ் தேர்வுகளை நடத்தும் காம்ப்டியாவின் ஏ+ தேர்வுக்குச் சுமார் ஓராண்டு அனுபவம் இருந்தால் நல்லது என்று அந்த அமைப்பு சொல்கிறது. அது பரிந்துரைதான். அனுபவம் இல்லாமலும் தேர்வு எழுதலாம், பலர் எழுதுகிறார்கள். சில நிறுவனங்கள் பட்டத்தை வலியுறுத்துவது உண்டு. ஆகவே நீங்கள் குறிவைக்கும் வேலை விளம்பரங்கள் பத்து இருபதைச் சேர்த்துப் படித்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் தகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி நிலையத்தின் ஆலோசகர் சொல்வதைவிட அந்தப் பட்டியலுக்கு மதிப்பு அதிகம்.

கடையில், வங்கியில், வாடிக்கையாளர் சேவையில் வேலை பார்த்தவர்கள் அந்த அனுபவத்தை மறைக்க வேண்டியதில்லை. கோபமாக இருக்கும் ஒருவரிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்தவருக்கு டிஎன்எஸ் (பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் சேவை) கற்றுக்கொடுப்பது எளிது. டிஎன்எஸ் தெரிந்தவருக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுப்பது சிரமம்.

எந்தச் சான்றிதழில் தொடங்கலாம்?

பலருக்கும் பொருந்துவது காம்ப்டியா ஏ+. 1993 முதல் இருந்துவருவதால் வேலைக்கு எடுப்பவர்களுக்கு அதன் பெயர் தெரியும். எந்த ஒரு நிறுவனத்தின் தயாரிப்போடும் அது கட்டுப்பட்டதில்லை. கோர் 1, கோர் 2 என்று இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடங்கள். 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் கோர் 1-க்கு 675, கோர் 2-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. கோர் 1-இல் வன்பொருள், நெட்வொர்க், கைபேசிச் சாதனங்கள், கிளவுட் ஆகியவையும், கோர் 2-இல் இயங்குதளங்கள், பாதுகாப்பு, பணி நடைமுறைகள் ஆகியவையும் வரும். இரண்டிலும் பழுது கண்டறிதல் ஒரு பெரும்பகுதி. கோர் 1-இல் அது கால்பங்குக்கும் மேல். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, திரையில் ஒரு சூழலைக் கொடுத்து அதைச் சரிசெய்யச் சொல்லும் செய்முறைக் கேள்விகளும் உண்டு. மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

கையில் பணம் குறைவாக இருக்கிறது, இந்த வேலை பிடிக்குமா என்பதும் உறுதியாகத் தெரியவில்லை என்றால், கூகுளின் ஐடி சப்போர்ட் பயிற்சியில் தொடங்கலாம். 2018-இல் கோர்ஸெரா தளத்தில் வெளியானது இது. அடிப்படைத் தொழில்நுட்ப உதவி, நெட்வொர்க், இயங்குதளங்கள், கணினி நிர்வாகம், பாதுகாப்பு என்று ஐந்து பகுதிகளாகத் தொடங்கிய பாடத்திட்டம். வாரத்துக்குச் சுமார் பத்து மணி நேரம் ஒதுக்கினால் மூன்று முதல் ஆறு மாதத்தில் முடிக்கலாம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. கட்டணம் செலுத்த இயலாதவர்கள் அந்தத் தளத்திலேயே நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

கூகுள் சான்றிதழ் மட்டும் போதுமா?

அறிமுகத்துக்குப் போதும். ஆனால் அது பாடத்தை முடித்ததற்கான சான்று. கண்காணிப்பின் கீழ் தேர்வு எழுதிப் பெறும் சான்றிதழ்களுக்குத் தரும் எடையை எல்லா நிறுவனங்களும் இதற்குத் தருவதில்லை. அதை முடித்த கையோடு, பாடம் நினைவில் இருக்கும்போதே ஏ+ எழுதுவது நல்ல வழி. இரண்டுக்கும் பொதுவான பாடங்கள் நிறைய இருக்கின்றன.

நேரடியாக சிசிஎன்ஏ படித்தால் என்ன?

அது சிஸ்கோ நிறுவனம் தரும் நெட்வொர்க் சான்றிதழ். தடை ஒன்றும் இல்லை. அதற்கும் முன்தகுதி கிடையாது. 120 நிமிடத்துக்கு ஒரே தேர்வு. நெட்வொர்க் பொறியாளராக வேண்டும் என்பதில் தெளிவாக இருப்பவர் அதைப் படிக்கலாம். ஹெல்ப் டெஸ்க்கில் தொடங்க நினைப்பவருக்கு அதன் பெரும்பகுதி உடனடியாகப் பயன்படாது. ரூட்டிங் நெறிமுறைகளை (தரவு எந்த வழியில் போக வேண்டும் என்பதற்கான விதிகளை) விளக்கத் தெரிந்தும், பூட்டிக்கொண்ட கணக்கை எங்கே போய்த் திறப்பது என்று தெரியாமல் நேர்காணலில் விழிப்பது பரிதாபமான நிலை. சிஸ்கோவே தொடக்க நிலையினருக்காக சிசிஎஸ்டி என்ற வரிசையைக் கொண்டுவந்திருக்கிறது. அதில் ஐடி சப்போர்ட்டுக்கென்று தனித் தேர்வும் உண்டு.

ஐடில் படிக்கச் சொல்கிறார்கள். அது என்ன?

ஐடி சேவையை எப்படி ஒழுங்காக நடத்துவது என்பதற்கான நெறிமுறைத் தொகுப்பு. 1980-களில் பிரிட்டிஷ் அரசுத் துறை ஒன்றில் உருவானது. திடீர்த் தடங்கல் வேறு, அந்தத் தடங்கலுக்குக் காரணமான அடிப்படைச் சிக்கல் வேறு, மாற்றம் செய்வதற்கென்று ஒரு முறை உண்டு என்பன போன்ற பிரிவினைகள் அதிலிருந்து வந்தவை. பெரிய நிறுவனங்களில் இந்தப் பேச்சு நாள்தோறும் காதில் விழும். ஐடில் 4-இன் அடிப்படைத் தேர்வு 40 கேள்விகள். 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. கடினமானதில்லை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு யாருடைய கணினியையும் சரிசெய்ய முடியாது. வேலையில் சேர்ந்த பிறகு நிறுவனமே செலவு செய்து எழுதவைத்தால் எழுதுங்கள்.

ஒரு பயிற்சி நல்லதா என்று பணம் கட்டும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பாடத்திட்டத்தின் வயதைப் பாருங்கள். இதற்கு அதிகம் படித்திருக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ சான்றிதழ்கள் 2021 ஜனவரியிலும், எம்டிஏ 2022 ஜூனிலும் நிறுத்தப்பட்டன. இன்றைக்கும் "எம்சிஎஸ்ஏ பெற்றுத் தருகிறோம்" என்று ஓர் இடம் பலகை வைத்திருந்தால், அவர்கள் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தே பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று பொருள். ஏ+ தேர்வுக்கும் இதே சோதனை உண்டு. 220-1101, 220-1102 என்ற பழைய இணை 2025 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பின் நடப்பில் இருப்பது 220-1201, 220-1202. எந்த எண்ணுக்குப் பாடம் நடத்துகிறீர்கள் என்று கேளுங்கள். எண்ணையே தெரியாமல் "அதெல்லாம் ஒன்றுதான்" என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. செய்முறை வகுப்பில் இன்னும் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தால் அதற்கும் அதே வணக்கம்தான்.

அடுத்து, பாடத்திட்டத்தில் எத்தனை தலைப்புகள் என்று எண்ணாதீர்கள். எத்தனை பழுதுகள் என்று எண்ணுங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு விண்டோஸ் கணினியின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) 169.254 என்று தொடங்கினால், முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். சாதாரணப் பயிற்சி இதை ஒரு வரிக் குறிப்பாகத் தரும், தேர்விலும் அது ஒரு மதிப்பெண்ணாக வரும். நல்ல பயிற்சியில் ஆசிரியர் டிஎச்சிபி சேவையை ஓசைப்படாமல் நிறுத்திவைத்துவிட்டு, "இணையம் வரவில்லை" என்ற இரண்டு சொற்களை மட்டும் உங்கள் கையில் கொடுப்பார். கேபிள் சரியாக இருக்கிறதா, பக்கத்துக் கணினிக்கும் இதே நிலையா, முகவரி எப்படித் தொடங்குகிறது, சர்வரில் சேவை ஓடுகிறதா, கொடுப்பதற்கு முகவரிகள் மீதம் இருக்கின்றனவா என்று நீங்களே படிப்படியாகப் போய்க் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு நீங்கள் அதை மறக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. கடவுச்சொல்லை மாற்றிய ஒருவரின் கணக்கு மறுபடி மறுபடி பூட்டிக்கொள்கிறது. திறந்துவிட்டால் சிறிது நேரத்தில் மீண்டும் பூட்டு. அவருடைய கைபேசியின் மின்னஞ்சல் செயலியில் பழைய கடவுச்சொல் பதிந்திருந்து, அது விடாமல் உள்ளே நுழைய முயன்றுகொண்டிருக்கக்கூடும். இதைக் கேட்கத் தெரிந்தவர் ஒரே அழைப்பில் முடித்துவிடுவார். தெரியாதவர் நாள் முழுவதும் பூட்டைத் திறந்துகொண்டிருப்பார். இப்படிப்பட்ட சிக்கல்களை வேண்டுமென்றே உருவாக்கிக் கொடுக்கும் செய்முறை வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். மாணவர்களின் கைகள் விசைப்பலகையில் இருக்கின்றனவா, ஆசிரியர் மட்டும் திரையில் செய்து காட்டிக்கொண்டிருக்கிறாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, எழுத்து. சரிசெய்த ஒவ்வொரு பழுதையும் டிக்கெட்டாகப் பதிவு செய்யச் சொல்கிறார்களா? என்ன புகார், என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், சரியானதை எப்படி உறுதி செய்தீர்கள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ஏ+ சொல்லித்தரும் பழுது கண்டறியும் முறையின் கடைசிப் படியும் இந்தப் பதிவுதான். வகுப்புகளில் அதிகம் விட்டுவிடப்படுவதும் அதுதான்.

பாடம் நடத்துகிறவர் சப்போர்ட் வேலையில் இருந்தவரா என்று கேட்பதிலும் தவறில்லை. கூச்சப்படாமல் கேளுங்கள், செலவாகப்போவது உங்கள் பணம்.

ஆக்டிவ் டைரக்டரி கட்டாயமா?

அலுவலகச் சூழலில் வேலை செய்ய வேண்டும் என்றால், ஆம். நிறுவனத்தின் பயனர் கணக்குகளையும் கணினிகளையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு அது. பயனர்களை உருவாக்குவது, குழுவில் சேர்ப்பது, கடவுச்சொல் மாற்றித் தருவது, குரூப் பாலிசி (பல கணினிகளுக்கு ஒருசேர விதிக்கும் அமைப்புகள்) ஏன் ஒரு கணினியில் மட்டும் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது ஆகியவை முதல் நிலையின் அன்றாடம். அதன் கிளவுட் உறவான என்ட்ரா ஐடியும் பாடத்தில் இருக்க வேண்டும். 2023 வரை அதற்கு அஸூர் ஆக்டிவ் டைரக்டரி என்று பெயர். ஏ+ இவற்றை மேலோட்டமாகத்தான் தொடும். ஆகவே பயிற்சி நிலையம் தன் பங்குக்கு இதைச் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நானே வீட்டில் செய்முறைக்கூடம் அமைத்துக்கொள்ள முடியுமா?

தாராளமாக. ஒரே கணினிக்குள் வேறு மெய்நிகர்க் கணினிகளை ஓட்ட உதவும் வர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸ் சர்வரை 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பாகவும், விண்டோஸ் 11 எண்டர்பிரைஸை 90 நாள் பதிப்பாகவும் மைக்ரோசாஃப்ட் தருகிறது. 16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு கணினியில் ஒரு சர்வரையும் ஒரு பயனர் கணினியையும் ஒருசேர ஓட்டலாம். 8 ஜிபி என்றால் கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனால் நடக்கும். சர்வரை டொமைன் கன்ட்ரோலராக (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வராக) மாற்றி, பயனர் கணினியை அதில் இணைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள். டிஎன்எஸ் முகவரியைத் தவறாக மாற்றினால் டொமைனில் நுழைவது என்ன ஆகிறது? கணினியின் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தால்? நெட்வொர்க்கைத் திரையிலேயே அமைத்துப் பழக சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் இருக்கிறது. டிக்கெட் முறையைப் பழக ஓஎஸ்டிக்கெட் போன்ற திறந்தமூல மென்பொருளை நிறுவி, நீங்கள் உண்டாக்கிய பழுதுகளை நீங்களே அதில் பதிந்து, நீங்களே மூடுங்கள்.

இதை ஒழுங்காகச் செய்கிறவருக்கு விலையுயர்ந்த பயிற்சி தேவையா என்றால், பெரும்பாலும் இல்லை என்பதே என் கருத்து. கட்டணம் கட்டுவது பாடத்துக்காக என்பதைவிட, தவறாமல் உட்காரவைக்கும் கால அட்டவணைக்காகவும் சந்தேகம் கேட்க ஓர் ஆளுக்காகவும்தான்.

அப்படியானால் இணைய வகுப்பா, நேரடி வகுப்பா?

தானாக எழுந்து படிக்கும் பழக்கம் இருந்தால் இணையம். இல்லையென்றால் நேரடி வகுப்பு. கணினியின் உள்பாகங்களைக் கழற்றி மாட்டியதே இல்லாதவருக்கு மட்டும் நேரடி வகுப்பில் கூடுதல் லாபம் உண்டு. பழைய கணினி ஒன்று கிடைத்தால் அந்த லாபமும் வீட்டுக்கே வந்துவிடும்.

"நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்கிறார்களே?

எழுத்தில் கேளுங்கள். என்ன வேலை, எவ்வளவு காலத்துக்குள், கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா, எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு? பெரும்பாலும் "உத்தரவாதம்" என்ற சொல் இரண்டாம் பக்கத்தில் "உதவி" என்று மெலிந்திருக்கும். முன்பு படித்தவர்கள் இருவரோடு பேச அனுமதி கேளுங்கள். அவர்களையும் நிலையம் தேர்ந்தெடுத்துத் தராமல் நீங்களே தேடிப் பிடித்தால் இன்னும் நல்லது.

தேர்வில் வந்த கேள்விகளை அப்படியே தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். திருடப்பட்ட கேள்விகள் அவை. பயன்படுத்தியது தெரிந்தால் சான்றிதழைப் பறிக்கவும், மீண்டும் தேர்வு எழுதவிடாமல் தடை செய்யவும் தேர்வு அமைப்புகளின் விதியில் இடம் இருக்கிறது. அந்த விடைகளில் பல தவறாகவும் இருக்கும் என்பது கொசுறு. மாதிரித் தேர்வுகள் வேறு வகை. ஏன் இந்த விடை, ஏன் மற்றவை இல்லை என்ற விளக்கத்தோடு வருபவற்றை வாங்கிப் பழகுங்கள்.

பேசும் திறனுக்கும் பயிற்சி வேண்டுமா?

வேண்டும். "எதுவும் வேலை செய்யவில்லை" என்று அழைக்கிறவர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த சொற்களில் சொல்கிறார். எப்போதிலிருந்து, கடைசியாக என்ன மாறியது, திரையில் என்ன எழுதியிருக்கிறது, பக்கத்தில் இருப்பவருக்கும் இதேதானா என்று அவர் மனம் கோணாமல் கேட்டு வாங்குவது ஒரு கலை. "நேற்று வரை நன்றாக இருந்தது, நான் எதுவும் செய்யவில்லை" என்பது உலகம் முழுவதும் சொல்லப்படும் வாசகம். அதைக் குற்றச்சாட்டாக மாற்றாமல், "சரி, நேற்று இரவு ஏதாவது அப்டேட் வந்ததா, சேர்ந்து பார்ப்போம்" என்று கொண்டுபோகத் தெரிய வேண்டும். மாணவர்கள் ஒருவர் பயனராகவும் ஒருவர் சப்போர்ட் ஆளாகவும் நடித்துப் பழகும் வகுப்பு எங்காவது இருந்தால், மற்றவற்றில் கொஞ்சம் குறை இருந்தாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

சான்றிதழ்கள் காலாவதியாகுமா?

ஏ+, சிசிஎன்ஏ இரண்டுக்கும் மூன்று ஆண்டு. மைக்ரோசாஃப்டில் குறிப்பிட்ட பணிகளுக்கான சான்றிதழ்கள் ஓராண்டில் முடியும். ஆனால் இணையத்தில் இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதன் அடிப்படைநிலைச் சான்றிதழ்களுக்குக் காலக்கெடு இல்லை. வேலை தேடத் தொடங்குவதற்கு வெகு முன்பே எழுதிவைத்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இந்த வேலை இருக்குமா?

கடவுச்சொல் மாற்றித் தருவது மட்டுமே வேலையாக இருந்தால், அது ஏற்கெனவே பல இடங்களில் பயனரின் கைக்கே போய்விட்டது. எளிய டிக்கெட்டுகள் குறையக் குறைய, மனிதரிடம் வந்து சேர்பவை காரணம் புரியாத பழுதுகளாக இருக்கும். பழுது கண்டறிவதைக் கற்றுத்தரும் பயிற்சியைத் தேடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் முயற்சியில் தேர்வில் தவறிவிட்டால்?

காம்ப்டியா தேர்வுகளில் இரண்டாம் முறை எழுதக் காத்திருப்புக் காலம் இல்லை. அதிலும் தவறினால், மூன்றாம் முறைக்கு 14 நாள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் முழுக் கட்டணம் உண்டு என்பதால், முடிவு வந்த மறுநாளே அவசரமாக எழுத வேண்டாம். நீங்கள் எந்தெந்தப் பாடக்கூறுகளில் விடை தவறினீர்கள் என்று மதிப்பெண் அறிக்கையில் இருக்கும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூறுக்கும் உங்கள் செய்முறைக்கூடத்தில் ஒரு பழுதை உண்டாக்கிச் சரிசெய்த பிறகு தேதி வாங்குங்கள். கோர் 1-இல் தேறி, கோர் 2-இல் மட்டும் தவறியிருந்தால் கோர் 2-ஐ மட்டும் எழுதினால் போதும். ஆனால் இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த எண்களாக இருக்க வேண்டும். 1101-இல் தேறியவர் 1202-ஐ எழுதிச் சேர்த்துக்கொள்ள முடியாது.